பொழுதுபடும் வரை நீ இருந்தாய்

என் பொன் அக்காவுக்கு,

ஸ்டுட்கார்ட் நீதிமன்றத்து விறாந்தையில், வாங்கில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வழக்கைக் கூப்பிடும் டெர்மினுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. எதிர் வாங்கில் அத்தானின் தம்பி குகன். என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்.

அத்தானின் தாயைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நீயும் அத்தானும் வன்னிக்குப் போனீர்கள். சண்டை உங்களைத் திரும்ப விடவில்லை. ஒரே ஷெல்லில் இருவரும் ஒன்றாகப் போய்விட்டீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பினோம். உங்கள் மரணத்தைப் பதிய அம்மா இந்த வருடம்தான் சம்மதித்தார். "என்ர பிள்ளை பொட்டோட போனவள்" என்பதுதான் அவருக்கு மிஞ்சிய ஆறுதல்.

இப்போது நீங்கள் இங்கே வாங்கிய வீடு யாருக்கு என்ற கேள்வி. ஒன்றாக இறந்திருந்தால் பாதி எங்களுக்கு, பாதி குகனுக்கு. நீ பிந்தி இறந்திருந்தால், ஒருவருக்கொருவர் எழுதிவைத்த உயிலின்படி அத்தானின் பாதி முதலில் உனக்கு, பிறகு எங்களுக்கு. அந்த ஒரு பாதிக்கே இரண்டு தரம் வரிக் கணக்கு, இரண்டு தரம் செலவு. "யார் முதலில்?" என்று சட்டத்தரணி கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

"ஒன்றாக" என்றே சொல்லியிருப்பேன். ஆனால் போன மாதம் கோயிலில் வசந்தி அக்காவைக் கண்டேன். உங்களோடு ஒரே பங்கரில் பதுங்கியிருந்தவராம்.

"அவர் உடனேயே போயிட்டார், தங்கச்சி. அக்கா பொழுதுபடுமட்டும் இருந்தவ. அவற்ற தலையை மடியில வைச்சிருந்தவ. 'நான் அவரைத் தனிய விடேல்லை எண்டு அவற்ற ஆக்களுக்குச் சொல்லுங்கோ' எண்டவ."

இதைச் சொன்னால் சனம் என்ன சொல்லும்? பாதி வீட்டுக்காகக் கூடப்பிறந்தவளை விதவையாக்கினாள் என்னும். அம்மாவே சொல்வார். சொல்லாவிட்டால், அந்தப் பின்னேரம் முழுதும் நீ இருந்ததே பொய்யாகிவிடும்.

இப்போதுதான் எழுந்துபோய்க் குகனுக்குப் பக்கத்தில் இருந்து, நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"வீட்டுக்கோ இந்தக் கதை?" என்று பாய்ந்தார்.

"அந்தப் பாதி உங்களுக்குத்தான், குகன் அண்ணை. எங்கட பேருக்கு வந்த கையோட எழுதித் தாறம்."

பக்கத்தில் நின்ற எங்கள் சட்டத்தரணி தலையில் கை வைத்தார். அதற்கும் வரியாம், மூன்றாவது தரம். போகட்டும்.

குகன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "மடியிலயோ வைச்சிருந்தவ?"

"ஓம்."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கூப்பிடுகிறார்கள். உள்ளதைத்தான் சொல்லப் போகிறேன். பின்னேரம் அம்மாவிடமும் நானே சொல்வேன், அவர் கத்தட்டும். ஆனால் வீட்டில் உன் படத்தில் இருக்கும் பொட்டில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

அத்தானுக்கு முன்பே உன் மடியில் தலைவைத்துத் தூங்கிய
உன் தங்கச்சி