கைநாட்டு

என் கண்ணு,

உன் அப்பா மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். நீ அனுப்புவதையெல்லாம் சாயங்காலம் எனக்குப் படித்துக் காட்டுவார். ஆனால் போனை மட்டும் என் பக்கம் திருப்பவே மாட்டார். "உனக்கெதுக்கு? கை தவறி எதையாவது அமுக்கிடுவ" என்பார்.

எதை மறைக்கிறாரோ என்று, காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நூலகத்தில் நடக்கும் செல்போன் வகுப்பில் சேர்ந்தேன். "பயப்படாதீங்கம்மா, தொட்டா உடையாது" என்றார் டீச்சர்.

நேற்று உன் அப்பா குளிக்கப் போனபோது போனைத் திறந்துவிட்டேன். உன் பெயருக்குக் கீழே நீளநீளமாக இருந்ததெல்லாம் அவர் எழுதியவை. 'அம்மாவுக்கு மூட்டுவலி, ஒரு வார்த்தை கேளேன்' என்று கெஞ்சியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் உன் பதில், ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவு படிக்க வைத்தோம், நீ கைநாட்டு வைக்கிறாய்!

ஒருவேளை நீ எழுதியதை அவர்தான் அழித்துவிட்டாரோ? இன்னும் அவரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதுதான் வசதி.

இன்று வந்த பதிலும் கட்டைவிரல்தான்; மதியமே பார்த்துவிட்டேன். சாயங்காலம் அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "அம்மா, மூட்டுவலி எப்படி இருக்கு? மாத்திரை போட்டியா?"

"குறைஞ்சிடுச்சுன்னு எழுதுங்க" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தபின் வகுப்புக்குப் போவதைச் சொல்ல மனம் வரவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் போன் பார்க்கத் தெரியாத
உன் அம்மா