ஊதா முட்டைக்கோஸும் என் ஆள்காட்டி விரலும்

மார்ச் 4

காலையில் பரிசோதனைக் கூடத்தில் நல்ல கூட்டம். ரத்தம் எடுக்கும் குழாயின் மூடியைத் திறக்க முடியவில்லை, விரல்கள் வீங்கிக் கிடக்கின்றன. மூட்டு அழற்சி. வாராவாரம் மாத்திரை போட்டால் மறுநாள் முழுக்கக் குமட்டல். போடாவிட்டால் கை போச்சு. ஊசி பிடிக்கிற கைதான் எனக்குச் சோறு போடுகிறது.

மதியம் போனில் ஒரு காணொளி. மஞ்சள், வெங்காயம், ஊதா முட்டைக்கோஸ் இவற்றுக்கு நிறம் தருகிற சத்துகள் அழற்சியைத் தணிக்குமாம். பாதிதான் பார்த்தேன். பாதி பார்த்தாலே நிபுணராகிவிடுகிற குடும்பம் எங்களுடையது.

மார்ச் 5

மாத்திரையை நிறுத்தியாச்சு. டாக்டருக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும்தான்.

மார்ச் 11

இரவுத் தட்டு முழுக்க ஊதா. வீட்டுக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "யார் மேல கோபம்?" என்றார். மஞ்சளோடு மிளகு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மனுஷன் மிளகு போட்ட மஞ்சள் பாலை ஒரே மடக்கில் குடித்தார், பாவம். குமட்டல் அறவே இல்லை. மருத்துவ உலகமே முட்டாள், நான் மட்டும் மேதை.

மார்ச் 20

திங்கட்கிழமை என் ரத்தத்தை நானே கொடுத்து சி.ஆர்.பி. பார்த்தேன், அழற்சி எவ்வளவு என்று காட்டும் எண். ஏறியிருந்தது. சளி பிடித்திருக்கும் என்று தள்ளிவிட்டேன். இன்று மறுபடி பார்த்தேன். துளியூண்டு குறைவு. இதுதான் சரியான எண் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதையே வேறு யாராவது செய்திருந்தால் கவுண்ட்டரில் நிற்க வைத்து வகுப்பெடுத்திருப்பேன்.

மார்ச் 29

முட்டைக்கோஸ் வேலை செய்கிறது. வீட்டுக்காரருக்கு. தொப்பை வற்றி, முகம் பளபளவென்று இருக்கிறது. நோயே இல்லாத மனுஷனைக் குணப்படுத்திவிட்டேன். என்னால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

ஏப்ரல் 6

ஒரு பெரியவர். மெல்லிய நரம்பு. இந்த மாதிரி நரம்புக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். விரல் சொன்னபடி கேட்கவில்லை. முதல் குத்து தப்பு. ரெண்டாவதும். அவர் கை நீலமாயிடுச்சு. "பரவால்லம்மா, நிதானமா எடு"ன்னார். அதைத்தான் தாங்க முடியல.

சீனியர் அக்கா வந்து ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மாத்திரை போடறியா, இல்லையா?" மெதுவாத்தான் கேட்டாங்க. பாத்ரூமில் நின்று அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழலாம்னா அதையும் திறக்க முடியல. என்னதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் நான்?

ஏப்ரல் 7

எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வண்டிச் சாவியை எடுத்தார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காய்கறி நல்லதுதான், தாராளமா சாப்பிடுங்க. கொஞ்சம் உதவும். ஆனா உங்க நோய்க்கு அது மட்டும் போதாது." அப்புறம், "குமட்டல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருந்தையே மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார்.

ஒரு வார்த்தை. ஊர் முழுக்க முட்டைக்கோஸ் பற்றிப் பேசினேன், இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆள்காட்டி விரல் இனி முழுசாக நிமிராதாம்.

ஏப்ரல் 9

புது மருந்து. பில் கவுண்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். சில்லறை எண்ணக்கூட விரல் வேண்டியிருக்கிறது.

மே 2

வீக்கம் வடிகிறது. குமட்டல் இல்லை. என் ரத்தத்தை அக்காதான் எடுக்கிறார். முடிவை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். ஊதா முட்டைக்கோஸ் வாரம் ஒருமுறை, அதுவும் வீட்டுக்காரர் கேட்பதால்.

ஜூன் 17

இன்று ஊசி மறுபடி என் கையில். வளைந்த விரலைக் குழாய்க்கு அடியில் கொடுத்துப் பிடிக்கப் பழகியிருக்கிறேன். யாரோ ஒரு அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முதல் குத்திலேயே ரத்தம் வந்துவிட்டது. பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"முடிஞ்சுதா? வலிக்கவே இல்லையேம்மா" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன்.