ஓகாவுக்கு ஒரு கப், கொசுறு இல்லாமல்

கோச்சபம்பா
ஆகஸ்ட் 20

அன்புள்ள ஃபெர்மின்,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுவோம் என்று சொன்னவன் நீ. இதோ எழுதிவிட்டேன். பஸ் டிரைவர் தாமியான் வசம் அனுப்புகிறேன். எல்லை தாண்டி இக்கிகேயில் இறங்கியதும் உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கையில் மட்டும்.

நான் நலம். ஓகாதான் நலமில்லை. ஊர் நாய்களுக்கெல்லாம் ரிப்பன் கட்டுகிற புனித ரோக்கே திருநாளுக்கு வந்து அவளுக்கு உன் கையால் கட்டுவாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். நாய்களின் திருநாளும் வந்து போனது, நீ வரவில்லை. நானே கட்டினேன். ஒரு முழம் ரிப்பன், முடிச்சுப் போடப் பற்றவில்லை. அவ்வளவு பருத்துவிட்டாள்.

அன்றைக்குத் தெருவே அவளுக்கு ஊட்டியது. மறுநாள் வாசற்படி ஏற மாட்டேன் என்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கிழங்கு நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தேன். பதினைந்து கிலோ அறுநூறு. மார்ச்சில் கருத்தடை ஆபரேஷன் செய்த அன்று வெறும் பத்து கிலோ.

டாக்டர் ஹிமெனாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "விலா எலும்பு எங்க இருக்குன்னு தடவிக் காட்டுங்க பார்ப்போம்"னாள். தேடினேன், அகப்படவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் பசி கூடும், உடம்புக்குத் தேவை குறையும். இன்னும் ஒன்றரை வயசுகூட ஆகல, அதுக்குள்ள முழங்கால் இந்தப் பாரத்தைத் தாங்கலை. பன்னிரண்டு கிலோவுக்குக் கொண்டு வாங்க. ஒரேயடியா பட்டினி போடாதீங்க, வாரத்துக்கு இருநூறு கிராம் குறைஞ்சா போதும். குறையலன்னா காலில கத்தி வைக்கணும், காசில்டாம்மா" என்றாள். சிவப்புக் கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்று கொடுத்திருக்கிறாள். காலையில் ஒரு கப், மாலையில் ஒரு கப்.

நேராக ரொட்டிக்கடை டெமெட்ரியோவிடம் போய்க் கத்தினேன். "நாய்க்கு ரொட்டி போட்டது தப்புன்னா, நாளையிலேர்ந்து உனக்கும் போடல, போ" என்கிறான்.

நீ எப்போது வருகிறாய்? நான் வரும்வரை உனக்குத் துணை என்று சொல்லித்தானே மார்ச்சில் இவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய்.

உன்
காசில்டா


இக்கிகே
செப்டம்பர் 5

என் கோபக்காரி காசில்டாவுக்கு,

ஓகா என்ன கிழங்கு மூட்டையா, தராசில் ஏற்ற? படித்துவிட்டு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். உள்ளங்கை அளவு இருந்தாள், சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கெல்லாம் கிழங்கு நிறுத்துப் போடுகிறவள், ஒரு நாய்க்குச் சோறு அளக்க முடியவில்லையா?

காலையில் சந்தைக்குப் போகுமுன் ஏரிக்கரை வரை நடத்திக் கூட்டிப்போ. மெதுவாக, கால் வலிக்காமல். அவள் கண்ணைப் பார்க்காதே. பார்த்தால் நீ கொடுத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

வரத்தான் நினைத்தேன். அந்த வாரம் பார்த்துக் கப்பலில் நானூறு பழைய கார்கள் வந்து இறங்கின. என்னைத் தவிர எஞ்சின் பார்க்க ஆளில்லை. ஆனால் நவம்பர் முதல் தேதி, செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற நாளில், அம்மாவுக்கு மேசை போடும்போது நிச்சயம் இருப்பேன். அவள் போய் மூன்றாம் வருடம், மூன்று வருடம்தானே போடுவோம், இது கடைசி மேசை. அதற்கு வராமல் போவேனா?

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. வீட்டுக்காரம்மா லூசிலா சமைத்துப் போடுகிறாள்.

முத்தங்களுடன்
ஃபெர்மின்


கோச்சபம்பா
செப்டம்பர் 23

அன்புள்ள ஃபெர்மின்,

தினமும் நடக்கிறோம். தெருவில் ஒருவரும் ஒரு துண்டு ரொட்டி போடவிடாமல் காவல் காக்கிறேன். கோடு பார்த்துத்தான் கொட்டுகிறேன். ஒரு மாதம் கழித்து நிறுத்தால் பதினைந்து எண்ணூறு! குறையவில்லை, கூடியிருக்கிறது. டாக்டரம்மா தராசுதான் கெட்டுப்போச்சு என்று அவளிடமே சண்டைக்குப் போனேன்.

அவள் கப்பையும் தீவன மூட்டையையும் என் முன்னால் வைத்து, "வீட்டில எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க" என்றாள். போட்டேன். கோடு வரை கொட்டினேன், கிண்ணத்தில் கவிழ்த்தேன். அதன் பிறகு என் கை தானாக மூட்டைக்குள் போய் ஒரு பிடி அள்ளி மேலே போட்டது. நான் கவனிக்கவே இல்லை, ஃபெர்மின், சத்தியமாக.

"அது என்னம்மா அது?"

"கொசுறு."

"நாய் உங்ககிட்ட கிழங்கு வாங்கவா வந்திருக்கு?"

டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு முகம் சுட்டுவிட்டது. இருபது வருடமாகச் சந்தையில் உட்கார்ந்திருக்கிறேன், அளந்ததை அப்படியே கொடுத்து ஒருவரையும் அனுப்பியதில்லை. கோட்டோடு நிறுத்தினால் கஞ்சப் பிசினாரி போல் தோன்றுகிறது. இப்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டுகிறேன். கொசுறு போட்டே ஆகவேண்டும் என்றால் வேகவைத்த பூசணித் துண்டு போடலாமாம், உப்பில்லாமல்.

கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள். "இந்த ஒரு பிடி மட்டும் இவ்வளவு சதை போடாது. வேற எங்கேயோ ஒரு முழுச் சாப்பாடு இவளுக்குப் போகுது. யோசிச்சுப் பாருங்க."

தெருவில்தான் யாரோ போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அம்மாவின் மேசைக்கு நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
காசில்டா


இக்கிகே
அக்டோபர் 16

என் காசில்டா,

கொசுறுக் கதையை லூசிலாவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் இங்கே தொப்பை போட்டுவிட்டது, தெரியுமா? ஓகாவும் நானும் ஒரே மாதிரி ஆகிவிட்டோம். டாக்டரம்மா எனக்கும் ஒரு கப் கொடுக்க வேண்டியதுதான்.

இனி கோபப்படாமல் படி. நவம்பரில் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் மேசையை என் சார்பில் நீயே போட்டுவிடு. நிலக்கடலை சூப் மறக்காதே, அவளுக்கு அதுதான் உயிர். உன் கையால் போட்டால் அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள்.

ஓகாவின் காலில் மட்டும் கத்தி வைக்க விட்டுவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃபெர்மின்


கோச்சபம்பா
நவம்பர் 4

ஃபெர்மினுக்கு,

மேசை போட்டேன். கறுப்புத் துணி, மெழுகுவர்த்தி, ஆன்மா இறங்கி வர ரொட்டியில் ஏணி, நிலக்கடலை சூப், அவளுக்குப் பிடித்த அவித்த சோளம், எல்லாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் வரும் நேரத்தில் உன்னைத் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

ஜெபம் சொல்ல வந்த எவாரிஸ்டா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். அங்கே இன்னொரு தட்டைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். "இது எந்த ஆன்மாவுக்குடி?" என்றாள். ஃபெர்மினுக்கு என்றேன். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ஐயோ காசில்டா! செத்தவங்களுக்குத்தான் தட்டு வைப்பாங்க. உசிரோட இருக்கிறவன் சாப்பிடணும்னா கதவைத் தட்டிக்கிட்டு வருவான்டி."

டாக்டர் கேட்ட முழுச் சாப்பாடு அதுதான். தெருவில் யாரும் போடவில்லை. நீ போன நாளிலிருந்து தினமும் மதியம் இரண்டு பேருக்குச் சமைத்தேன். உன் தட்டில் சோறு, கிழங்கு, தட்டிப் பொரித்த இறைச்சி, அதன் மேல் முட்டை, எல்லாம் வைத்து மூடி, இரண்டு மணி வரை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்லாமல் வந்து நிற்பது உன் வழக்கம் அல்லவா? இரண்டு மணிக்கு மேல் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஓகாவுக்கு வைத்துவிடுவேன். நாய்க்கு வெங்காயம் ஆகாது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. டாக்டரிடம் பொய் சொன்னேன். உன்னிடமும்தான். இந்த எட்டு மாதமாக நீ சாப்பிடாத சாப்பாடு முழுவதும் அந்தக் குழந்தையின் முழங்கால்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் கடிதத்தை அங்கே யார் வாங்குகிறார்கள் என்று தாமியானையும் பிடித்து உலுக்கிக் கேட்டேன். "என்னைத் திட்டாதக்கா. கதவைத் தொறந்தது அந்த வீட்டுக்காரம்மாதான். ஃபெர்மின் அண்ணன் கையிலதான் குடுப்பேன்னேன். அவர் கையும் என் கையும் ஒண்ணுதான்னு சிரிச்சுச்சு" என்றான்.

அங்கே உன் தட்டில் கொசுறு போடுகிற கை யாருடையது என்று எனக்கு இப்போது தெரியும். உன் வாயால் கேட்க வேண்டும். வருகிறாயா, வரவில்லையா?

காசில்டா


இக்கிகே
நவம்பர் 29

காசில்டா,

டிரைவர் பேச்சைக் கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லாம் நேரில் சொல்கிறேன், கடிதத்தில் சொல்கிற விஷயம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மதியம் உன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதுவரை என் தட்டை எடுத்துவிடாதே. அங்கே எனக்கு ஒரு தட்டு இருக்கிறது என்ற நினைப்பில்தான் இங்கே காலம் தள்ளுகிறேன்.

ஓகா எத்தனை கிலோ?

ஃபெர்மின்


கோச்சபம்பா
ஜனவரி 9

ஃபெர்மின்,

ஓகா எத்தனை கிலோ என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் இப்போது பதிமூன்று கிலோ நூறு. உன் அம்மாவின் மேசையை எடுத்த மறுநாளிலிருந்து வாரம் தவறாமல் குறைந்துகொண்டே வருகிறாள். விரல் வைத்தால் விலா எலும்பு தட்டுப்படுகிறது. நேற்று வாசற்படி நான்கையும் ஒரே தாவாகத் தாவினாள். கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு கிலோதான், அதுவும் போய்விடுமாம்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒருத்திக்கு மட்டும் சமைக்கப் பழகிக்கொண்டேன். முதல் வாரம் கை வரவில்லை, பானையில் தண்ணீர் வைக்கும்போதே இரண்டு பேருக்கு வைத்துவிடுவேன். ஓகாவும் இரண்டு மணியானால் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, என்னைப் பார்ப்பாள், கதவைப் பார்ப்பாள். எனக்கு அழுகையாக வரும். பூசணித் துண்டு ஒன்றைக் கொடுத்து நடக்கக் கூட்டிப்போய்விடுவேன். இரண்டு வாரம் அப்படிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு நாள் தவறினேன். கிறிஸ்துமஸ் மதியம். நீ எழுதியதை நம்பி உன் தட்டை வைத்தேன். இரண்டு மணியாயிற்று, மூன்றாயிற்று. பேருந்து நிலையத்திலிருந்து வந்த தாமியான், ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தத் தட்டை ஓகாவுக்குக் கொடுக்கவில்லை. நானே உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை தின்றேன், அழுதுகொண்டே தின்றேன். நான் நன்றாகத்தான் சமைக்கிறேன், ஃபெர்மின். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் தட்டை டெமெட்ரியோ கடைக்குக் கொடுத்துவிட்டேன், ரொட்டி அடுக்க உதவும் என்றான்.

லூசிலா இதைப் படித்தால் படிக்கட்டும், உன் கையில் மட்டும் என்று தாமியானிடம் இந்த முறை சொல்லவில்லை. எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் ஓகாவைப் பார்த்துவிட்டுப் போ, உன்னை அவளுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் வரும்போது சாப்பிட்டுவிட்டு வா. இங்கே இப்போது அளந்துதான் சமைக்கிறேன்.

காசில்டா