வீம்புக்கு விட்டவன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை ஒன்பது பத்துக்குக் கடைசி சிகரெட். ஆஸ்பத்திரி வாசலில், நின்றபடி. பாதிகூடப் பிடிக்கவில்லை, அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். தங்கையின் கணவர். ரொம்ப நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்த்தாலே நாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று தோன்றும், அப்படிப்பட்ட நல்ல மனிதர்.

உள்ளே டாக்டர் சொன்னது இதுதான். தங்கையின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஒன்றரை வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்கிறாள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது. ஆனால் எட்டு வாரம் நான் புகை பிடிக்கக் கூடாது. மயக்க மருந்து, நுரையீரல், தையல் ஆறுவது என்று காரணங்களை அடுக்கினார். ரத்தத்தைச் சோதிப்பார்களாம். அதில் தெரிந்தால் ஆபரேஷன் கிடையாது. ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்திரண்டு வருடப் பழக்கம். இதற்கு முன் ஒன்பது தடவை விட்டிருக்கிறேன். ஒன்பது தடவையும் சத்தியம், ஒன்பது தடவையும் திருட்டுத்தனம், ஒன்பது தடவையும் மாட்டிக்கொண்டேன். இது பத்தாவது.

வெளியே வந்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். யாரிடம் பேசினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற தோரணைதான். "அண்ணா, முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நடுரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிடாத."

முடியாதாமா? யாரால்?

மார்ச் 5

டீ குடித்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. உள்ளே ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதை எடுத்து வாயில் வைக்காததுதான் பாக்கி.

மார்ச் 7, வெள்ளி

நானும் நெட்டையும் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். பதினாறு வருடமாக ஒரே வண்டி, ஒரே கருவிப் பெட்டி, ஒரே பிராண்ட் சிகரெட். அவன் அம்மா வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

பழுது சரியானதும் லிஃப்டைக் காலியாக ஆறு தடவை மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது விதி. நாங்கள் எண்ணியதே இல்லை. மொட்டை மாடிக்குப் போய், மோட்டார் அறை வாசலில் ஆளுக்கொன்று பற்றவைப்போம். சிகரெட் முடிந்தால் ஆறு ஓட்டமும் முடிந்தது என்று அர்த்தம். இறங்கிப் போய் அறிக்கையில் கையெழுத்து.

இன்று நான் எண்ண வேண்டியிருந்தது. நான்கு வரை போயிற்று. அப்புறம் ஐந்தா, ஆறா? மறுபடி ஒன்று. நெட்டை பத்தடி தள்ளி நின்றுதான் பிடித்தான், பாவம். காற்று என் பக்கம் அடித்தது. திட்டினேன். அவன் அந்தப் பக்கம் போனான், காற்றும் திரும்பியது. படுபாவிக் காற்று.

மூன்றாவது தடவை முதலிலிருந்து எண்ணியபோது கீழே வாட்ச்மேன் கத்தினார், எத்தனை மணி நேரம் லிஃப்டோடு விளையாடுவீர்கள் என்று. விளையாட்டாம்.

மார்ச் 12

வீட்டில் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுகிறேன். இன்று தலையணை உறை சரியில்லை என்று ஒரு சண்டை. நாற்பது நிமிடம். உறை நன்றாகத்தான் இருந்தது.

சண்டை முடிந்து என் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "முன்னாடியெல்லாம் விட்டுட்டேன்னு சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே திரிவ. இந்தத் தடவதான் மனுஷனே இல்லாத மாதிரி இருக்க. அப்ப நிஜமாத்தான் விட்டிருக்க."

இருபத்திநான்கு வருடத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதுவும் ஒன்று.

மார்ச் 15, சனி

நெட்டை மருந்துக்கடையிலிருந்து ஒரு அட்டை வாங்கி வந்தான். சிகரெட்டை விடுகிறவர்களுக்கென்றே செய்த சூயிங்கம். மிளகும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு ருசி. ஆனால் மென்ற கால் மணி நேரத்தில் உடம்பு அடங்கியது. வாயின் நமநமப்பு போயிற்று.

கரண்ட் போனால் லிஃப்ட் அந்தரத்தில் தொங்கக் கூடாது என்று ஒரு பேட்டரி வைத்திருப்போம். அது லிஃப்டைப் பக்கத்து மாடிவரை கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். அந்த மாதிரிதான் இதுவும். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், "ஓ, மாத்திரை போட்டுத்தான் விட்டானா" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கெதற்கு?

ஏப்ரல் 1

இருபத்தெட்டு நாள். டேய் சிகரெட்டே, முப்பத்திரண்டு வருடம் என்னைக் கடைக்குக் கடை ஓடவிட்டாய். மழையில் ஓடினேன், காய்ச்சலில் ஓடினேன். இப்போது நீ கடையிலேயே உட்கார்ந்திரு. நான் எதிர்ச்சாரியில் நடந்து போகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தங்கைக்குத் துணையாக மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம். கையில் இரண்டு ஊசி, ரத்தம் குழாயில் வெளியே போய் மறு குழாயில் உள்ளே வருகிறது. நான் பெரிய தியாகி மாதிரி புலம்பினேன், வாய் எப்படிக் கேட்கிறது, தலை எப்படி வலிக்கிறது என்றெல்லாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணி. மருந்து முழுங்குறதும் அதுலதான். போன வாரம் ஒரு பொண்ணு வண்டி ஓட்டிக்கிட்டே பாட்டிலத் தொறந்து மடக் மடக்குன்னு குடிச்சா. நான் ரோட்டப் பாக்கல, அவ தொண்டையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை நாற்காலிக்குக் கீழே தள்ளினேன்.

ஏப்ரல் 22

ரத்தம் எடுத்தார்கள். எட்டு நாளில் ஆபரேஷன். எடுத்துக்கொள், நன்றாகப் பார்த்துக்கொள்.

ஏப்ரல் 24, வியாழன்

ரத்தத்துல இருக்காம்.

நான் பிடிக்கல. பிடிக்கல. ஐம்பத்தோரு நாள்ல ஒண்ணுகூட இல்ல. ஒரு இழுப்புகூட இல்ல. இந்த நோட்டுல எதுக்குப் பொய் எழுதப்போறேன் — இத யாரு படிக்கப்போறா?

மாப்பிள்ளை குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். "மச்சான், ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். அம்மா மேல் சத்தியம் என்று வாயெடுத்தேன். அந்தச் சத்தியத்தை மூன்றாவது தடவையும் ஏழாவது தடவையும் செய்தாயிற்று. அவருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை என் தோளைத் தட்டினாள். "விடுண்ணா. இவ்வளவு நாள் முயற்சி பண்ணினதே பெருசு." கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓட்டுநர் தேர்வில் மூன்றாம் தடவையும் தோற்றவர்களிடம் அவள் பேசுகிற குரல் அது. பின் சீட்டிலிருந்து நானே கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் என்னிடம் பேசிவிட்டாள்.

புலி வருது, புலி வருது என்று ஒன்பது தடவை கூவியவன் நான். யாரைக் குறை சொல்ல? ஆனாலும் வலிக்குது. ரொம்ப வலிக்குது.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆறு மாடிக் கட்டடம், கதவு மூடாத பழுது. முடித்துவிட்டு மேலே போனோம். நெட்டையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். பாக்கெட்டைத் திறந்து நீட்டினான். எடுத்துக்கொண்டேன்.

எப்படியும் பிடித்தவன் என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் என்ன பத்தினி வேஷம்? விரலிடுக்கில் வைத்தேன், பழைய பள்ளத்தில் பாந்தமாக உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கமில்லை, ஆசை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வெறும் ஆசை.

அவன் தீக்குச்சியை உரசினான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இப்போது பிடித்தால் அந்த ரத்தச் சோதனை சொன்னது நிஜமாகிவிடும். என் வாழ்க்கையில் முதல்முதலாக உண்மை பேசியிருக்கிறேன், அதை நானே பொய்யாக்குவதா? முடியாது. செத்தாலும் முடியாது. யாரும் நம்ப வேண்டாம். நான் பிடிக்கவில்லை என்பது எனக்காவது மிச்சமிருக்கட்டும்.

திருப்பிக் கொடுத்தேன். நெட்டை அதைப் பாக்கெட்டுக்குள் செருகினான், அவனும் பற்றவைக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினான். ஆறு வந்ததும், "போலாமா?" என்றான்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆபரேஷன் ஏற்பாடுகளைப் பார்க்கிற நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். ரத்தம் மாறியிருக்கும், மறுபடி எடுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே உட்காருவேன் என்று மேசையைத் தட்டினேன். அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மெல்றீங்க?"

அட்டையை எடுத்துக் காட்டினேன். அதைத் திருப்பிப் படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிகரெட்டில் இருக்கிற அதே நிகோடின் கம்மிலும் இருக்கிறதாம். அதனால்தான் உடம்பு அடங்குகிறதாம். ஒரு நாளைக்கு எட்டு மென்றிருக்கிறேன்! முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வைத்தார். நிகோடின் உள்ள எதுவும், கம் உட்பட, டாக்டரைக் கேட்காமல் கூடாது — கொட்டை எழுத்தில். லிஃப்ட் அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வீட்டுக்காரர்களைப் பற்றி நானும் நெட்டையும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.

ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். புகை பிடித்தவர்களுக்கு அதில் எண் ஏறுமாம். எனக்கு ஏறவில்லை. டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். கம்மையும் விட்டு, ரத்தம் சுத்தமானால் மே 27-ல் ஆபரேஷன்.

தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். சிரிசிரியென்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அந்தக் குழாய் ஒரு நாள் புகையைத்தானே காட்டும், அதற்கு முந்தி பிடித்ததைக் காட்டாதே என்றாள். ரத்தச் சோதனை வந்த அன்றே இதையெல்லாம் நர்ஸிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.

சரி, நம்பாதே.

மே 2

கம் இல்லை. எதுவும் இல்லை. இதற்கு முன் எழுதிய வேதனையெல்லாம் ஒத்திகை.

மே 9, வெள்ளி

தங்கையை அவசரமாகச் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது. ஏப்ரல் 30-ல் ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டியது. ஒரு தாளைப் படித்திருந்தால் முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன் — முட்டாள். முட்டாப்பய. எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடந்து என்னத்தக் கிழிச்ச?

ஆஸ்பத்திரி எதிரே ஒரு பெட்டிக்கடை. மூன்று தடவை அதைத் தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை கடைக்காரர் என்னைப் பார்த்துப் பழக்கமாகச் சிரித்தார். முறைத்தேன். அந்த ஆள் என்ன பாவம் செய்தார்?

மே 13

தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் மனைவியிடம் கேட்டாளாம்: "அவன் எப்படி இருக்கான்?" நாய் மாதிரி குரைக்கிறான், முந்தின ஒன்பது தடவையும் சிரித்துக்கொண்டே திரிந்தான் என்று இவள் பதில் சொன்னாளாம். "அப்படியா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தாளாம்.

மே 20

ரத்தத்தில் ஒன்றுமில்லை. சுத்தம். மாப்பிள்ளை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டை நன்றாயிருக்கிறது என்றேன்.

மே 27, காலை ஆறு மணி

பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. இந்தக் கோலத்தில் வீரம் பேசினால் எடுபடாது. பேனாவையும் கேட்கிறார்கள். ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன்.

மே 30

இருமினால் உயிர் போகிறது. வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு இருமச் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு வருடப் புகை உள்ளே படிந்திருக்கிறதே, அது லேசில் வருமா?

தையல் போடுவதற்கு முன்பே என் சிறுநீரகம் அவள் உடம்பில் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். மாப்பிள்ளை வந்து சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று அவளை மிரட்டுகிறார்களாம். சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும்தான். தையல் இழுத்தது, அதனால் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 30, திங்கள்

இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை. தங்கை முகக்கவசத்தோடு வந்திருந்தாள். கன்னம் உப்பியிருக்கிறது, மருந்தால். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். காலையில் டீ குடித்தால் ஒரு சிகரெட் பிடிக்க வேண்டும்போல இருக்கிறதாம், நான் கொடுத்த உருப்படியின் வேலைதானாம். பழக்கதோஷம், அடித்து வளர்த்துக்கொள் என்றேன்.

உண்மையில் எனக்கும் இன்று டீக்குப் பிறகு வாய் கேட்டது. நெட்டை நேற்றே சொன்னான், இனிமேல் யாரும் உன் ரத்தத்தைப் பார்க்கப்போவதில்லை என்று. தெரியும். வாய் கேட்கட்டும். கேட்டதையெல்லாம் கொடுக்க நான் என்ன அதற்கு மாமனா?

நர்ஸம்மா என் தையலைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கடைசியில் பேனாவைத் திறந்து, போன மாதத்திலிருந்து ஒன்றாவது பிடித்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் மேசை டிராயரை இழுத்து அந்த ஊதுகிற குழாயை எடுத்தார். வழக்கமான சோதனைதான், எல்லோருக்கும் உண்டு என்றார். நான் கை நீட்டினேன். தங்கை முந்திக்கொண்டாள்.

"அது வேணாம் சிஸ்டர். எங்க அண்ணன் இல்லன்னா இல்லதான். எழுதிக்கோங்க."

நர்ஸ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழாயை உள்ளே வைத்துவிட்டு எழுதிக்கொண்டார்.