நீ எடுத்துக்கொண்ட பாதி

என் செல்லச் சிபானா,

அங்கே சோதனை ஒன்றும் இல்லைதானே? நல்லாத்தான் தப்பிவிட்டாய், கள்ளி. இங்கே ஏ.எல். பரீட்சையில் இரசாயனவியல் சோதனைக்கு இன்னும் மூன்றே வாரம்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்று நாங்கள் பாடத்தைப் பங்கு போட்டது நினைவிருக்கிறதா? காபன் சேர்வைகள் வருகிற சேதனப் பகுதி முழுக்க உனக்கு, கணக்கு வருகிற பகுதியெல்லாம் எனக்கு. கடைசி மாதம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சு. "ரெண்டு பேரும் எல்லாத்தையும் படிக்கிறது வீண் வேலையடி" என்றவளே நீதான். நானும் தலையாட்டினேன். ரியூசனில் சேதனம் நடந்தபோதெல்லாம் பின் வரிசை வாங்கில் இருந்து கணக்குச் செய்தேன்.

கடைசி மாதம் வருமுன்னே உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். என்னடி அப்படி அவசரம்?

உன் நாற்பதாம் நாள் முடியட்டும் என்று பொறுத்திருந்து, நேற்று வெட்கத்தை விட்டுக் கிண்ணியாவில் உன் வீட்டுக்குப் போனேன், உன் குறிப்புக் கொப்பியைக் கேட்க. பாலம் தாண்டும்வரை எப்படிக் கேட்பது என்றே யோசித்தேன். கேட்க வேண்டியே இருக்கவில்லை. உன் உம்மா அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து வந்து, கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"எந்த நேரமும் இதத்தான் எழுதிட்டிருந்தா. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. நீங்க ஒண்டாப் படிச்ச புள்ளதானே மகள், என்ன எழுதியிருக்கா எண்டு சொல்லுங்களன்."

அறுகோணம் அறுகோணமாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தாய். ஓரத்தில் சிவப்பு மையில் 'முக்கியம்' என்றிருந்தது. ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரியாது.

"பென்சீன், உம்மா."

"அதெண்டா என்ன மகள்?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிட்டேன். உன்னை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எண்ணி அணைத்துத் தேற்றினார். பாதி அழுகை வெட்கத்தில் வந்தது என்று எப்படியடி சொல்வேன்?

வெளிக்கிடும்போது கொப்பியை என் கையில் வைத்து, "படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பாஸ் பண்ணுவேனா தெரியாது. ஆனால் உம்மாவிடம் போவேன். நீ எழுதியது ஒவ்வொன்றையும் அவருக்கு விளங்கப்படுத்துவேன், சத்தியமாக. விடிந்ததிலிருந்து முதல் பக்கத்திலேயே இருக்கிறேன், சிபானா. ஒன்றும் விளங்குதில்லையடி. நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

உன் உம்மாவுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் மகள்,
தர்சி