முன்னறையில் நான், மொட்டை மாடியில் அவள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வாசல் மணி அடித்தது. சட்டையைச் சரிசெய்து, நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"செடி விக்கிறது இங்கதானே?"

என் மனைவி செடி விற்கும் மொட்டை மாடிக்குப் படியைக் காட்டினேன். கேட்டில் என் போர்டு தொங்குகிறது. அச்சு வடிவமைப்பு, பிழை திருத்தம், அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு. நானே எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, நானே இடைவெளி பார்த்து வைத்த போர்டு. அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள்.

மார்ச் 9, ஞாயிறு

போன வருஷம் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடினார்கள். வேலை போனது. உடனே போய் ஒரு 'வீட்டிலிருந்தே தொழில்' வகுப்பில் சேர்ந்தேன். டை கட்டிய ஒரு பயிற்சியாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வீட்ல தொழில்னா வீட்ல சும்மா இருக்கறது இல்ல சார். குளிச்சு, டிரஸ் பண்ணி, ஆபீஸ் போற மாதிரி பக்கத்து ரூமுக்குப் போகணும்."

போகிறேன். தினமும் போகிறேன். தனி அறை, தனி போன், நேரக் கட்டுப்பாடு, போர்டு எல்லாம் ஆயிற்று. வாடிக்கையாளர்தான் பாக்கி.

இவள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. வீடு மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுப்போன நாலைந்து தொட்டிகளை எடுத்து வந்தாள். கிளையை வெட்டி வெட்டிப் பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு கேட்டருகே வைத்தாள். எதிர்வீட்டு டீச்சர் ஒன்று கேட்டார். அப்புறம் டீச்சரின் தங்கை. இப்போது மாடி முழுக்கப் பச்சை வலை, அதற்குக் கீழே வரிசை வரிசையாக இரும்பு அடுக்கு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன். சாதத்தைப் பிசைந்துகொண்டே, "மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க" என்கிறாள் யாரிடமோ. வீட்டையும் தொழிலையும் பிரித்து வைக்க வேண்டும் என்று வகுப்பில் தனியாக ஒரு பாடமே நடத்தினார்கள்.

மார்ச் 15, சனி

மகள் வெளியூரிலிருந்து பேசினாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு நிமிஷம்ப்பா, அம்மா பேஜ்ல யாரோ கேட்டிருக்காங்க, பதில் போட்டுட்டு வரேன்" என்றாள். போனவள் போனவள்தான்.

அம்மாவின் செடி வியாபாரத்துக்கு ஃபேஸ்புக்கில் பேஜ் வைத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு எதுவும் வைக்கவில்லை. நான் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டால்தான் செய்ய வேண்டுமா?

மார்ச் 22, சனி

வேடிக்கை பார்ப்பதில் தேர்ந்துவிட்டேன். ஜன்னலோரம்தானே என் மேசை.

இன்று ஒருவர் ரோஜாச் செடி கேட்டு வந்தார். இவள் வாசலுக்கு இறங்கி வந்தாள். எந்த வீடு, எத்தனையாவது மாடி, வெயில் எந்தப் பக்கம் விழும், ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்று டாக்டர் மாதிரி விசாரிக்கிறாள். கடைசியில், "உங்க வீட்ல ரோஜா செத்துப்போயிடுங்க. உங்களுக்கும் மனசு கஷ்டம், எனக்கும் கெட்ட பேரு. இதை எடுத்துட்டுப் போங்க" என்று விலை குறைந்த ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினாள். வருகிற வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மார்ச் 30, ஞாயிறு

ரோஜாக்காரர் திரும்பி வந்தார். கூட இரண்டு நண்பர்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

இவளுடைய அண்ணன் வந்திருந்தார். காபியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, தங்கச்சிக்கு ஒத்தாசையா இருக்கீங்க போல" என்றார்.

ஒத்தாசை. நானா ஒத்தாசை? அந்த மேசை, அந்தக் கம்ப்யூட்டர், அந்தப் போர்டு, இதெல்லாம் என்னய்யா பின்ன? வாய்வரை வந்தது. சிரித்துவைத்தேன். தாடை இப்போதும் வலிக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவளுக்கு விசிட்டிங் கார்டு வேண்டுமாம். போன மாதமே கேட்டாள். "வரிசைப்படிதான் வரும்" என்றேன், எனக்கு முன்னால் ஏதோ வரிசை நிற்கிற மாதிரி. காத்திருந்து பார்த்துவிட்டு மகளிடம் சொல்லி, அவள் போனிலேயே செய்து அனுப்பி, அச்சாகியும் வந்துவிட்டது.

கையில் வாங்கியதுமே பார்த்துவிட்டேன். 'செடி பராமறிப்பு.' வல்லின ற. இருபது வருஷம் பிழை பார்த்தே பிழைத்தவன், கண்ணில் படாமல் போகுமா?

"நல்லா இருக்கா?" என்றாள்.

"ம்ம்" என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

பெரிய ஆர்டர். மூன்று தெரு தள்ளிப் புதிதாகக் கிளினிக் திறக்கும் பல் டாக்டர். வரவேற்பறை, படிக்கட்டு, உள்ளறை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது தொட்டி. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவளுக்கே. குரோட்டன்ஸ் போதவில்லை என்று மொத்த வியாபாரியிடம் புதிதாக வாங்கி வந்து பழைய செடிகளோடு சேர்த்து அடுக்கினாள்.

டாக்டர் நேரிலேயே வந்தார். என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "நீங்கதான் தொட்டி ஏத்தி இறக்கறவரா?" என்றார்.

இவள் சிரித்துவிட்டாள். "ஐயோ, அவர் எங்க வீட்டுக்காரர் டாக்டர்." டாக்டரும் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம்.

ஏப்ரல் 17, வியாழன்

இவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன். பத்துப் பன்னிரண்டு நாள் கூட இருக்க வேண்டும் என்று கிளம்பினாள். போகும்போது மாடியில் என்னைச் சுற்றிக்காட்டி, "தண்ணி காலைல மட்டும். இலைக்கு அடியிலயும் ஒரு பார்வை பாத்துடுங்க. வெள்ளையா பஞ்சு மாதிரி எதாவது தெரிஞ்சா உடனே சொல்லுங்க. அது மாவுப்பூச்சி. ஒண்ணு வந்தா எல்லாத்துக்கும் போயிடும்" என்றாள். முகம் முழுக்க அக்காவைப் பற்றிய கவலை. அதற்கு நடுவிலும் இதைச் சொன்னாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இருக்கிறது.

மூன்றாவது அடுக்கு, ஓரத்துக் குரோட்டன்ஸ். இலையும் தண்டும் சேர்கிற மூலையில், தலையணையிலிருந்து பிதுங்கிய பஞ்சு போல ஒரு துளி. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். நகர்ந்தது.

துணியால் ஒரு துடைப்பு போதும். செய்யவில்லை. போன் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. அந்தத் தொட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

ஏன் என்று இங்கேயாவது எழுதலாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளுக்கும் ஒன்று கெட்டுப்போகட்டும். கெட்டுப்போவது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். வேறொன்றும் கேட்கவில்லை நான்.

ஏப்ரல் 21, திங்கள்

தண்ணீர் ஊற்றினேன். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு, "செடியெல்லாம்?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இலைக்கு அடியில பாத்தீங்களா?"

"பாத்தேன்."

இதில் பாதி பொய்கூட இல்லை. பார்த்தேன்தானே. இன்று அதே அடுக்கு முழுவதும் பார்த்தேன். மேல் அடுக்கிலும் ஏறிவிட்டது. எறும்பு வரிசை வேறு. சோப்புத் தண்ணீர் கரைத்து வாளியோடு மாடிப்படி பாதிவரை ஏறினேன். இப்போ தொடைச்சா, ஏன் அன்னிக்கே தொடைக்கலன்னு கேப்பாளே — திரும்பிவிட்டேன். வாளி குளியலறையில் இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக மாடிக்குப் போனாள். சத்தமே இல்லை. திட்டுவாள், அழுவாள் என்று கீழே காத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நானே போனேன். தரையில் உட்கார்ந்து, ஒரு தொட்டியை மடியில் வைத்து, பஞ்சால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பயணத்தில் கசங்கிய சேலை. தலையைத் தூக்கவில்லை.

நான் இதைத்தான் கேட்டேன். கிடைத்துவிட்டது. நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

டாக்டரிடம் போனில் இவள் சொன்னது: "பூச்சி விழுந்திருக்கு டாக்டர். இப்போ குடுத்தா உங்க இடத்துலயும் பரவும். பாதிதான் சுத்தமா இருக்கு, அதைத் தரேன். மீதிக்கு வேற ஒருத்தர் நம்பர் தரேன், நல்ல ஆளு."

போட்டிக்காரனுக்குத் தானே வழி காட்டுகிறாள். மறுமுனையில் டாக்டர் என்ன சொன்னாரோ, "சரிங்க, மாசா மாசம் பாத்துக்கறதும் அவங்களே பண்ணட்டும்" என்று இவள் முடித்தாள். அதுதான் நிலையாக வரக்கூடிய வேலை. அது போய்விட்டது.

"என் தப்புதான்" என்றாள் என்னிடம். "புதுசா வந்ததைக் கொஞ்ச நாள் தனியா வெச்சிருக்கணும். அவசரப்பட்டுச் சேத்துட்டேன்."

தப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் ஒரு பஞ்சை எடுத்து அடுத்த தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மே 1, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவள் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் எதிரே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். "நான் மொதல்லயே பாத்தேன். நீ போன மூணாம் நாளே" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எல்லாத் தொட்டியும் வெளிச்சத்தப் பாத்து நிக்குது. ஒண்ணு மட்டும் செவுத்தப் பாத்து நிக்குது. பூச்சியா திருப்பி வெச்சது?"

நான்கு நாளாகத் தெரிந்துகொண்டே எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். 'என் தப்புதான்' என்று அவள் சொன்னபோது நான் வாய் திறக்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நீங்க சொல்ற பதிலக் கேட்டுட்டு அப்புறம் இதே வீட்ல இருக்கணுமே" என்றாள். பஞ்சை மாற்றினாள். "அந்த வரிசைய நல்லாத் தொடைங்க. தண்டுக்கும் இலைக்கும் நடுவுல."

மே 12, திங்கள்

பேசுகிறாள், தேவைக்கு மட்டும். கேஸ் வந்ததா. லைட்டை அணைச்சீங்களா. மாடிச் சாவியை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள். என் முன்னாலேயே கொடுத்தாள்.

டீச்சருக்கு ஒரு செடி பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அவர்மேலும் இப்போது வயிறு எரிகிறது. இந்த வயிற்றுக்கு வேறு வேலையே இல்லை.

மே 25, ஞாயிறு

எழுத்துரு மாற்றி, ற-வை ர ஆக்கி, கார்டைப் புதிதாக வடிவமைத்தேன். எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் என்று பின்பக்கத்தில் சின்னச் சின்னச் சூரியன் படம். இவள் வாயால் கேட்டவற்றைத்தான் போட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இத்தனை மாதம் கேட்டதற்கு அதுதான் பலன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எவ்ளோ ஆகும்?"

"உனக்கு என்ன காசு."

"சொந்தக்காரங்களுக்குச் சும்மா பண்ணாதீங்கன்னு உங்க வகுப்புல சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்தார்கள். விலை சொன்னேன். பேரம் பேசினாள். கொடுத்தாள். இந்த மாதத்தின் முதல் வாடிக்கையாளர்.

ஜூன் 17, செவ்வாய்

கார்டைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள், என்னிடம். ஒருவர் தேன் விற்பவர், இன்னொருவர் வீட்டில் டியூஷன் எடுப்பவர். "அந்தச் செடிக் கார்டு மாதிரியே" என்றார்கள். மாதிரியே என்ற சொல் சுருக்கென்றது. வேலையை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

என் தொழில் போன் அடித்தது. டை கட்டிய பயிற்சியாளர்.

"சார், நம்ம பழைய மாணவர்தானே நீங்க? உங்க தெருவுல செடி விக்கிற அம்மா ஒருத்தர் இருக்காங்களாமே. அடுத்த வகுப்புல வந்து பேசுவாங்களான்னு கேக்கணும். தெரியுமா அவங்கள?"

வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதியவன் நான். எனக்குத்தான் அழைப்பு என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். தெரியாது என்று சொல்ல அந்த ஒரு நொடியே போதும்.

"இருங்க, கூப்பிடறேன்" என்றேன். மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. நிறையப் பெண்கள், சில ஆண்கள். இவள் மேடைக்கு ஒரு தொட்டியைக் கொண்டுபோய் வைத்திருந்தாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. பிறகு தொட்டியிலிருந்த காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே பேசினாள், சரியாகிவிட்டது. வேண்டியவர்களுக்கு மட்டும் விற்கச் சொன்னாள். முதலில் கொஞ்சமாகச் செய்து பார்க்கச் சொன்னாள். முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னாள். என் பழைய நோட்டில் இதெல்லாம் இல்லாமலில்லை.

ஒரு பெண் எழுந்து, "வீட்ல தொழில் பண்றதுல ரொம்பத் தொல்லை எதுங்க?" என்றாள்.

"மாவுப்பூச்சி" என்றாள் இவள். எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க. மொதல்ல ஒரு எலைக்கு அடியில கொஞ்சூண்டு இருக்கும். வீட்ல யாராவது பாத்துடுவாங்க. அன்னிக்கே சொல்லிட்டா ஒரு துணியால தொடைச்சிடலாம். சொல்லலன்னா..." கூட்டத்தின் பின்பக்கம் வரை அவள் பார்வை வந்தது. "சொல்லலன்னாலும் தொடைக்கலாம். நாளாகும். அவ்ளோதான்."

அத்தனை பேரும் குனிந்து எழுதினார்கள். பக்கத்து இருக்கைப் பெண்ணின் நோட்டு என் கண்ணில் பட்டது. 'மாவுப்பூசி' என்று எழுதியிருந்தாள்.

"ஒரு ச் விட்டுப்போச்சும்மா" என்றேன்.

பார்த்தாள். சேர்த்துக்கொண்டாள்.