கன்னியம்மா நீட்டிய இரண்டு விரல்

தை மாதம், செவ்வாய் இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று பஸ் ஸ்டாண்டில் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கன்னியம்மாவைப் பார்த்தேன். பேரனுக்கு எங்கள் ஊர் மலைக்கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அதே தெத்துப்பல்.

“ஒன் வூட்டைத் தேடிகினு தெருவெல்லாம் சுத்துனேன்டி சரசு. கெணறு இருந்த எடத்துல லாட்ஜு நிக்குது. எங்க போய்த் தேடுறது?”

“கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்களா?” என்றேன்.

“இன்னும் காய்தானா?” என்றாள்.

என்னை அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் ஆறாவதுக்குப் போனாள். அந்தக் கோபத்தில் அந்தக் கிணற்றடியில்தான் காய் விட்டேன். பழம் விடுவதற்குள் அவளைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு விரலை நீட்டி, “பழம்டி” என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கை சும்மாதான் இருந்தது.

காலையில் பள்ளிப்பட்டுக்குப் போகலாமா? எங்கே என்று மருமகள் கேட்பாள். நாலு பேர் மதிக்கிற நான், ரெண்டு விரலைக் காட்டிவிட்டு வரப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? கோயிலுக்கு என்றும் சொல்ல முடியாது. மலை இங்கேயேதான் இருக்கிறது.